சீராக வந்த நாய்

இசக்கிராஜ் யாரையும் நம்பமாட்டார். அதை ஒரு குறையாக யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது. சொல்கிறவருக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்வார். மாட்டுங்கா மார்க்கெட்டில் முப்பத்திரண்டு வருஷமாக அப்பளம், வற்றல், கருப்பட்டி, வாழையிலை விற்கிற கடை அவருடையது. உடன்குடியிலிருந்து வரும் கருப்பட்டியில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்து உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் லாரிக்காரனுக்குக் கையெழுத்துப் போடுவார். கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். தாராவி வீட்டுக்குப் பாதி வழி நடந்த பிறகு, இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்று அதன்மேலும் ஒரு சந்தேகம் வரும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாயைச் சீராகக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

அவருடைய ஒரே மகன் கண்ணாவுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது. கண்ணாவுக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பெண், நெருளில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நெல்லையப்பனின் மகள் பேராச்சி. ரத்தம், சர்க்கரை பார்க்கிற லேபில் டெக்னீஷியன். இரண்டு குடும்பத்துக்கும் பூர்விகம் கோவில்பட்டிக்குத் தெற்கே பக்கத்துப் பக்கத்து ஊர். அந்தப் பக்கத்தில் கன்னி நாய்க்கென்று ஒரு மரியாதை உண்டு. கறுப்பு முதுகும் செம்பட்டைக் காலுமாக, ஒல்லியாக, முயலை விரட்டிப் பிடிக்கிற வேட்டை நாய். இவர்கள் குடும்பங்களில் அதை விலைக்கு விற்கமாட்டார்கள். பெண்ணுக்குச் சீராகத்தான் கொடுப்பார்கள். நிச்சயம் முடிந்த கையோடு, பெண் தன் கையால் வளர்த்த குட்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். பெண் வந்து இறங்குகிற அன்று அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த உயிர் ஒன்றாவது இருக்கட்டும் என்று. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் அந்த நாயை அதன் சோற்றுத் தட்டோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். பெண் வீட்டார் அந்தத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டால் முறிந்தது முறிந்ததுதான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணம் தை மாதம் என்று முடிவாகியிருந்தது. நாயைக் கூட்டிவரக் கண்ணாவே நெருளுக்குப் போனான். அன்றைக்கு இசக்கிராஜுக்குக் கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, ஐந்தாம் மாடிக் கதவுக்குப் பின்னால் அது நின்றது. எட்டு மாதக் குட்டி. பெயர் சிட்டு.

"அசல் கன்னிதானல?" என்று மகனைக் கேட்டார்.

"ஆமாப்பா," என்றான் கண்ணா, செல்லுக்குச் சார்ஜர் மாட்டியபடி.

இசக்கிராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாயைச் சுற்றி வந்தார். முதுகு கறுப்பு, சரி. கால் செம்பட்டை, சரி. வயிறு ஒட்டியிருந்தது, அதுவும் சரி. ஆனால் இடது காது மடங்காமல் நட்டுக்கொண்டு நின்றது. சாட்டை போலத் தொங்க வேண்டிய வால், நுனியில் சுருண்டு மேலே ஏறியிருந்தது. கீழே மீன்கடைக்கு முன்னால் படுத்துக் கிடக்கும் நாய்களுக்கெல்லாம் வால் அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு சிட்டு ஒவ்வொரு நாளும் தானாகவே வந்து மாட்டிக்கொண்டது. கன்னி நாய் வேற்றாள் கையால் வாங்கித் தின்னாது என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். இது மூன்றாம் நாளே கீழே இஸ்திரி போடுகிறவனிடம் வடாபாவ் வாங்கித் தின்றது. நான்காம் நாள் கூரியர்காரனுக்கு வாலாட்டியது. லிஃப்டில் யார் ஏறினாலும் அவர்கள் பைக்குள் மூக்கை விட்டது. கட்டடத்தில் சின்னது பெரியது எல்லாருக்கும் அதைப் பிடித்துப்போயிற்று. இசக்கிராஜுக்கு அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது.

"நல்ல சாதி நாய்க்கு இவ்வளவு சிரிச்ச மூஞ்சி கெடையாது," என்றார் மனைவியிடம்.

தங்கமயில் சிட்டுவுக்கு மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். "உங்களுக்குச் சிரிச்ச மூஞ்சியக் கண்டாலே ஆகாது. அதுக்கு நாய் என்ன செய்யும்?"

இந்தச் சமயத்தில்தான் மகாதேவன் அப்பளம் வாங்க வந்தார். ரயில்வே ஆபீஸிலிருந்து ரிடையர் ஆனவர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். இருபது வருஷ வாடிக்கையில் ஒரு தடவைகூட அப்பளக் கட்டின் தேதியைப் படித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை என்பதால் இசக்கிராஜுக்கு அவர்மேல் தனி மதிப்பு. நாய் விஷயத்தை அவரிடம் சொன்னார்.

"டெஸ்ட் பண்ணிடுங்கோளேன்," என்றார் மகாதேவன். "எங்காத்துல பையன் கௌசிக் ஒரு நாய் வாங்கிண்டு வந்தான். பீகிள்னு சொல்லித்தான் குடுத்தான் விக்கறவன். எனக்கு அது முழியப் பார்த்தாலே நம்பிக்கை வரலை. செம்பூர்ல ஒரு நாய் டாக்டர் இருக்கா. வாய்க்குள்ள பஞ்சத் தடவி லேபுக்கு அனுப்பினா, அப்பன் யாரு, பாட்டன் யாரு, அத்தனையும் பர்சன்டேஜோட வந்துடறது. டி.என்.ஏ. பொய் சொல்லாதோன்னோ."

"அப்போ பீகிள் இல்லியா?"

"பாதிகூட இல்லை. மிச்சம் என்னென்னமோ. ஆனா ரிப்போர்ட் வரதுக்குள்ள ஆத்துக்காரி பாகீரதி அதை மடியிலே போட்டுக்க ஆரம்பிச்சுட்டா. இப்போ சோபா அதுக்கு, நாற்காலி எனக்கு."

கடைசியில் சொன்னதெல்லாம் இசக்கிராஜ் காதில் ஏறவில்லை. 'பொய் சொல்லாது' என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார். இந்த உலகத்தில் பொய் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதுவும் ஆட்டோவில் போய்வருகிற தூரத்தில் இருக்கிறது என்பது அவருக்குப் புதிய செய்தி.

வீட்டில் இதைச் சொன்னதும் கண்ணா தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எதுக்குப்பா காலி-பீலி, தேவையில்லாத பிரச்சனை? நாய் நல்லாத்தான இருக்கு."

"நல்லாருந்தா டெஸ்ட்டுலயும் நல்லாத்தான வரும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?"

"நெனக்கிறதுக்கு என்ன இருக்கு? மடியில கனம் இல்லன்னா பயம் எதுக்கு?"

கண்ணா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். அவன் முகம் போன போக்கை இசக்கிராஜ் கவனித்தார். தாலி ஏறுவதற்கு முன்னாலேயே பையனை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. இனி வீட்டில் யாரிடமும் இதைப் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

தடுப்பூசி போட வேண்டும் என்று தங்கமயிலிடம் சொல்லிவிட்டு, ஒரு புதன்கிழமை காலையில் சிட்டுவை ஆட்டோவில் ஏற்றிச் செம்பூருக்குப் போனார். டாக்டர் சின்ன வயசுப் பெண், மராத்திக்காரி. ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாயின் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினாள். அடுத்தது இனம்.

"தெரியாது," என்றார் இசக்கிராஜ் இந்தியில்.

"சும்மா நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள். எழுதினால் நல்லது."

இசக்கிராஜ் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கன்னி என்று சொன்னால் லேபில் இருக்கிறவன் சோம்பல்பட்டு அதையே திருப்பி எழுதி அனுப்பிவிடுவான். இந்த வித்தையெல்லாம் அவர் சரக்கு வாங்குகிற இடத்தில் பார்க்காததா? "நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள்," என்றார். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டாள். சிட்டுவின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றினாள். அது தின்ன ஏதோ தருகிறார்கள் என்று நினைத்து அவள் கையை நக்கியது. குச்சியை உறையில் போட்டு ஒட்டியதும், இசக்கிராஜ் பேனாவை வாங்கி, ஒட்டிய இடத்தின் குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டார். வழியில் யாராவது வேறு நாயின் எச்சிலை வைத்துவிட்டால்?

ரிப்போர்ட் வர நான்கு வாரம் ஆகும் என்றார்கள். அந்த நான்கு வாரமும் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாய் பொய் என்றால், நாயைக் கொடுத்தவர்கள் சொன்ன மற்றதெல்லாம் என்ன? பெண்ணுக்கு இருபத்தாறு என்றார்களே, அது சரியா? ஜாதகம் ஒரிஜினலா, பொருத்தம் வருவதற்காக எழுதியதா? லேபில் வேலை என்கிறார்களே, யார் போய்ப் பார்த்தது? ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நெருளில் அந்த லேபுக்குப் போன் போட்டார். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று இந்தியில் கேட்டுவிட்டு, பேராச்சி என்று யாராவது அங்கே இருக்கிறார்களா என்று விசாரித்தார். இருக்கிறார்கள் என்றது ஒரு பெண் குரல். மறுநாள் வேறு யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பவும் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார்.

சிட்டுவோ இது எதுவும் தெரியாமல், சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் லிஃப்டில் கேட்டதுமே கதவைப் பிராண்டியது. அவர் உட்கார்ந்தால் காலடியில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் தாடையை வைத்தது. இரண்டு மூன்று தடவை அவர் கை தன்னாலே அதன் தலைக்குப் போயிற்று. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்.

தீபாவளி முடிந்த வாரம் ரிப்போர்ட் வந்தது. கடையில் பில் போடுகிற ஷமீமா அதை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். தாராவியிலேயே வளர்ந்த கடையநல்லூர்ப் பெண். இங்கிலீஷ் சரளமாகப் படிப்பாள். ஆறு பக்கம். முதல் பக்கத்தில் வண்ண வண்ணமாக ஒரு வட்டம்.

"படி," என்றார் இசக்கிராஜ்.

"சலுக்கி முப்பத்தாறு பர்சன்ட். இந்தியத் தெருநாய் முப்பத்தொண்ணு. கிரேஹவுண்ட் பத்தொம்பது. மிச்சம் பதினாலு, கண்டுபிடிக்க முடியாத கலப்புன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

"கன்னி?"

ஷமீமா விரலை வைத்துத் தேடினாள். "கன்னின்னு ஒண்ணுமில்லியே."

"ஒரு பர்சன்ட் கூட?"

"இல்ல அண்ணாச்சி. சலுக்கின்னா அரபு நாட்டு நாயாம்."

"நெருளுக்கு அரபு நாட்டு நாய் எந்த ரயில்ல வந்துச்சு?" என்றார் இசக்கிராஜ். அவர் முகம் மலர்ந்திருந்தது. மகன் கல்யாணத்தில் கல் விழுந்துவிட்டது என்று தெரிந்த நேரத்தில் ஒரு தகப்பனுக்கு முகம் மலரலாமா? மலர்ந்தது, என்ன செய்வது. அவர் நினைத்தது சரியாகிவிட்டது அல்லவா?

"கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஏதோ குறிப்பு இருக்கு. அதையும் படிக்கட்டா?"

"போதும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஊறுகாய் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூடக் கடைசி எழுத்துவரை படித்த பிறகே அலமாரியில் வைக்கிற மனிதர், அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் பக்கம் பேசுகிற சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

சனிக்கிழமை கண்ணா ஷிஃப்ட் இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிவிட்டான். இசக்கிராஜ் சிட்டுவின் கழுத்தில் வாரைக் கட்டினார். அதன் சோற்றுத் தட்டைக் கழுவித் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டார். தட்டைப் பார்த்ததும் தங்கமயிலுக்கு விளங்கிவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பத்திரிகை அடிச்சாச்சு. அவ அம்மா ஊர்ல வீடு வீடாப் போயி வச்சுக்கிட்டிருக்கா. தட்டோட நாயக் கொண்டுபோனா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"நாயிலயே ஏமாத்துதவன் பொண்ணுல என்னென்ன மறைச்சிருக்கானோ."

"உங்க பையனுக்கு அந்தப் புள்ளயத்தான் புடிச்சிருக்கு. அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவன் கண்ணு தெறந்து கெடந்தா நான் ஏன் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனார். தங்கமயில் பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் வந்து, நாயின் காதைத் தடவிக்கொடுத்துவிட்டு, திரும்பினாள்.

முதல் டாக்ஸிக்காரன் நாய் என்றதும் மறுத்துவிட்டான். இரண்டாவது ஆள் சீட்டில் ஏறாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஏற்றினான். வாஷி பாலத்தில் காற்று அடித்ததும் சிட்டு ஜன்னலில் மூக்கை நீட்டியது. நெருள் நெருங்க நெருங்க அது முனக ஆரம்பித்தது. சந்தோஷத்தில் முனகியது. இசக்கிராஜ் தான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

நெல்லையப்பன் வீடு இரண்டாம் மாடி. கதவு திறந்ததுமே சிட்டு வாரை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்து, ஒவ்வொரு அறையாகத் தேடி ஓடியது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த பேராச்சி சமையலறையிலிருந்து வெளியே வர, அது அவள் மேல் ஏறி முகத்தையெல்லாம் நக்கியது. அவள் சிரித்தாள். பிறகு இசக்கிராஜின் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நெல்லையப்பனும் பார்த்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "தட்டையும் கொண்டாந்துட்டீங்க."

இசக்கிராஜ் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோக, காகிதத்தை எடுத்து நீட்டினார். "டி.என்.ஏ. டெஸ்ட்டு. படிச்சுப் பாருங்க. அசல் கன்னின்னு சொல்லிக் குடுத்தீங்க. ஒரு பர்சன்ட் கூட இல்ல. எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

நெல்லையப்பன் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் பேராச்சி காகிதத்தை வாங்கிக்கொண்டாள். வட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவள் வேலை அப்படி; முடிவைப் படிப்பதற்கு முன்னால் அந்த முடிவு எப்படி வந்தது என்று பார்க்கிற பழக்கம்.

"மாமா, இவங்க லிஸ்ட்டுலயே கன்னி கெடையாது," என்றாள்.

"அதத்தான நானும் சொல்லுதேன்."

"இல்ல மாமா. நாய்க்குள்ள இல்லன்னு சொல்லல. அவங்ககிட்ட இருக்க லிஸ்ட்டுல இல்ல. இங்க போட்டிருக்கு பாருங்க. இந்தப் பேருங்களோட மட்டும்தான் ஒப்பிட்டுப் பாப்பாங்களாம். லிஸ்ட்டுல இல்லாத இனம் வந்தா, அதுக்குக் கிட்டக்க எது எது வருதோ அதுகளப் பிரிச்சுப் போட்ருவாங்களாம். கோவில்பட்டியிலருந்து எக்தம் நூத்துக்கு நூறு அசல் கன்னியக் கொண்டுபோயி விட்டாலும் இந்தக் காயிதத்துல கன்னின்னு வராது. இப்படித்தான் எதாவது வரும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "படிவத்துல என்ன இனம்னு கேட்டிருப்பாங்களே? கன்னின்னு எழுதியிருந்தா, எங்களால சொல்ல முடியாதுன்னு அந்த டாக்டரே சொல்லியிருப்பாங்க."

இசக்கிராஜ் காகிதத்தை வாங்கினார். பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள், அகர வரிசையில். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியும். 'கே' வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பிறகு ஒரு தடவை கீழிருந்து மேலே போனார். இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு அடியில், அவரே எதிர்பார்க்காத ஒரு நிம்மதியும் இருந்தது. அப்படியானால் யாரும் ஏமாற்றவில்லை. கல்யாணம் நடக்கலாம். நாயும் வீட்டுக்கு வரலாம்.

"எம்மேலதான் தப்பு," என்றார். தன் வாயால் அந்தச் சொல்லை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. "மன்னிச்சுக்கிடுங்க. நான் நாயக் கூட்டிக்கிட்டுப் போயிருதேன். இன்னைக்கு நான் இங்க வரவே இல்லன்னு வச்சுக்கிடுவோம்."

அதோடு முடிந்திருக்கும். நெல்லையப்பன் வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பி போடச் சொல்லியிருந்தால் போதும். தையில் மேளம் கொட்டியிருக்கும். ஆனால் அவர் தலையை ஆட்டினார்.

"இல்ல அண்ணாச்சி. அது கலப்புதான்."

"அப்பா," என்றாள் பேராச்சி.

"இரும்மா. காயிதத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நான் சம்பந்தம் பண்ண முடியாது." இசக்கிராஜைப் பார்த்துச் சொன்னார்: "இதோட தாய் அசல் கன்னி, என் தங்கச்சி வீட்டுலருந்து கொண்டாந்தது. தகப்பன் இந்த நெருள் ஸ்டேஷன் பாலத்துக்கு அடியில கெடக்கிற நாய். நாலு குட்டி போட்டுச்சு. மூணு செத்துட்டு. இது ஒண்ண இவதான் புட்டியில பால் குடுத்துக் காப்பாத்துனா. சீருக்கு ஊர்லருந்து அசல் குட்டி வரவழைக்கலாம்னு நான் சொன்னேன். நான் வளக்காத நாய எப்படிப்பா என் நாய்னு அனுப்பன்னு இவ கேட்டா. அதும் நியாயமாப் பட்டுச்சு. அதான் மாப்ள வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொன்னேன். அப்பாகிட்டச் சொல்லுங்க, அவங்களுக்கு வேண்டாம்னு பட்டா ஒண்ணும் நெனக்க மாட்டேன், அசல் குட்டியே வரவழைச்சுத் தாரேன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"மாப்ளகிட்ட. கண்ணாகிட்ட. மறுநா போன் பண்ணுனாரு. அப்பாகிட்டச் சொல்லிட்டேன் மாமா, அப்பா சிரிச்சாங்க, நாய்க்கு என்ன சாதி வேண்டிக்கெடக்குன்னுட்டாங்கன்னாரு. உங்களப் பத்தி ஊர்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க அண்ணாச்சி. அன்னைக்கு எங்க வீட்டுல, பாத்தியா, அந்த மனுசனுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு நான் சொன்னேன்."

இசக்கிராஜ் இப்போது உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். நெல்லையப்பன் சொன்ன அந்தப் பெரிய மனசுக்காரரை அவர் ஒரு நாளும் சந்தித்ததில்லை. அவருக்கு ஞாபகம் வந்ததெல்லாம், முகத்தைப் பார்க்காமல் சார்ஜரைப் பார்த்துக்கொண்டு 'ஆமாப்பா' என்ற மகன்தான். ஊரெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் தேடிய பொய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எதிரில் இருக்கிறவரோ, தப்பிக்கக் கதவு திறந்திருந்தும் தப்பிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கிறார். இப்படி ஒரு சம்பந்தி எங்கே கிடைப்பார்? அந்த நிமிஷம் இசக்கிராஜுக்கு இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தது.

"உங்ககிட்ட அவரு சொல்லவே இல்லியா மாமா?" என்று பேராச்சி கேட்டாள்.

"இல்ல தாயி. நானாக் கேட்டேன். அசல்னுட்டான்."

"தெனம் காலையில நீங்கதான் சிட்டுவ வாக்கிங் கூட்டிக்கிட்டுப் போறீங்கன்னு சொன்னாரு. அது இல்லாம உங்களுக்குச் சாப்பாடு எறங்காதுன்னாரு. நான் கேக்கும்போதெல்லாம் ஒரு கதை சொல்லுவாரு." அவள் குரல் உயரவில்லை. "லேபுக்கு நீங்க போன் பண்ணுனது எனக்குத் தெரியும். மூணு தடவையும் நான்தான் எடுத்தேன், உங்க குரல்தான். சரி, பெரியவங்க அப்படித்தான் விசாரிப்பாங்கன்னு விட்டுட்டேன். அவருகிட்டக் கேட்டதுக்கு, அப்பாவுக்கு அன்னைக்குச் சர்க்கரை கூடிருச்சு, நெசமாவே டெஸ்ட்டுக்குத்தான் கேட்டாங்கன்னாரு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா மாமா?"

இசக்கிராஜுக்குச் சர்க்கரை கிடையாது.

பேராச்சி செல்லை எடுத்துக் கண்ணாவைக் கூப்பிட்டாள். "உங்கப்பா இங்க இருக்காங்க. வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஐரோலியிலிருந்து நெருளுக்கு அரை மணி நேரம். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிட்டு அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அவள் எதையோ ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தப் பார்வை இசக்கிராஜுக்குத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறதுதான்.

"இன்னும் என்னென்ன சொல்லியிருக்காரோ," என்றாள் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

இசக்கிராஜ் பதறிப்போனார். "அப்படி இல்ல தாயி. அவன் எனக்குப் பயந்துட்டான். சொன்னா நான் இந்தச் சம்பந்தத்தையே முறிச்சிருவேன்னு பயந்திருக்கான். என் கொணம் அப்படி. ஒரு பொய்யச் சொல்லிட்டு, அதக் காப்பாத்த நாலு பொய் சொல்லியிருக்கான். மத்தபடி தங்கமான பய. அவன நம்பலாம்."

நம்பலாம் என்று ஒருவரிடம் கெஞ்சுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. நெல்லையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க நம்புதீங்களா மாமா?" என்றாள் பேராச்சி.

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். இருபத்தொன்பது வருஷம் வளர்த்தவர் ஆமாம் என்று சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு தானும் கரையேறலாம் என்கிற ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு சொல் போதும். இசக்கிராஜ் சொல்லத்தான் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனசு கேட்டது: சனிக்கிழமை ஷிஃப்ட் என்கிறானே, நிஜமாகவே ஐரோலியிலிருந்துதான் வருகிறானா?

ஒரு கணம்தான் இருக்கும். உடனே சுதாரித்துக்கொண்டு, "நம்புதேன் தாயி," என்றார்.

அந்த ஒரு கணமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பேராச்சி எழுந்து வந்தாள். அவர் மடியில் இருந்த சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சிட்டுவும் எழுந்து அவள் பின்னாலேயே போயிற்று.